தசைத் துலங்கல் மறைவது மயக்க மருந்தாலா, தண்டுவடப் பாதிப்பாலா?

கேள்வி (மயக்கவியல் முதுநிலை மாணவி):
மேல் மார்புப் பகுதித் தண்டுவடத்தினுள் இருந்த கட்டியை அகற்றும் அறுவையொன்றை அண்மையில் பார்த்தேன். உச்சந்தலையில் மின்தூண்டல் கொடுத்துக் கை, கால் தசைகளின் துலங்கலைப் பதிவு செய்தார்கள். செவோஃபுளூரேன் என்னும் ஆவி மயக்க மருந்தைக் கூட்டிய சிறிது நேரத்தில் கால் துலங்கல் மறைந்துவிட்டது. கட்டிக்குக் கீழே தண்டுவட உறைமேல் வைத்த மின்முனையிலோ அலை மாறாமல் வந்தது. இரண்டும் ஒரே தூண்டலின் விளைவுதானே, ஏன் இந்த வேறுபாடு?

மறுமொழி 1 (நரம்பியங்கியல் ஆசிரியர்):
உறைமேல் பதிவாவது டி அலை. மின்சாரம் மூளையின் மேற்பரப்பான புறணியிலிருந்து இறங்கும் நரம்பிழைகளை நேரடியாகத் தூண்டுவதால், இடையில் நரம்பிணைப்பு எதுவும் குறுக்கிடாமல் அது தண்டுவடத்தை அடைகிறது. 1954-இலேயே பாட்டனும் அமாசியனும் விவரித்த அலை இது. தசை துடிக்க வேண்டுமானால் தண்டுவடத்தின் இயக்க நரம்பணு கிளர்ந்து தசைக்குச் சமிக்ஞை அனுப்ப வேண்டும். ஆவி மயக்க மருந்துகள் அந்த நரம்பணுவைத் தணிப்பதுடன், புறணியின் நரம்பிணைப்புகள் வழியே பின்தொடரும் ஐ அலைகளையும் அடக்கிவிடுகின்றன. 1980-இல் மெர்ட்டனும் மார்ட்டனும் விழித்திருந்தவரிடம் ஒற்றை மின்துடிப்பிலேயே தசைத் துலங்கலைப் பெற்றார்கள். மயக்கத்தில் அது போதாது என்பதால்தான் இன்று 2 முதல் 4 மில்லிநொடி இடைவெளியில் ஐந்தாறு துடிப்புகளைத் தொடராகக் கொடுக்கிறோம்.

மறுமொழி 2 (அறுவை அரங்க நரம்புக் கண்காணிப்பாளர்):
அதனால்தான் நாங்கள் ஆவி மருந்தைத் தவிர்த்து, மயக்க மருந்தான புரோபோஃபாலையும் வலிநீக்கியான ரெமிஃபென்டானிலையும் சிரை வழியே சீராகச் செலுத்தக் கேட்கிறோம். புரோபோஃபாலும் அளவு மீறினால் துலங்கலைக் குறைக்கும். குறைந்த அளவு கெட்டமின் என்னும் மயக்க மருந்து உதவும். தசைத் தளர்த்தி மூச்சுக்குழாய் இடுவதற்கு மட்டுமே. தூண்டலின்போது தாடை இறுகி நாக்கு கடிபடக்கூடும் என்பதால், கடைவாய்ப் பற்களுக்கிடையே துணிச்சுருள் வைக்க மறந்துவிடாதீர்கள்.

மறுமொழி 3 (நரம்பியல் அறுவை மருத்துவர்):
ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: டி அலை நிலைத்திருக்கிறது என்பதாலேயே பழியை மருந்தின்மேல் போட்டுவிட முடியாது. உட்தண்டுவடக் கட்டி அறுவையில் டி அலை தாங்கி நிற்க, தசைத் துலங்கல் மட்டும் போவது, பெரும்பாலும் பின்னர் தேறிவிடும் தற்காலிகக் கால் செயலிழப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். கட்டிக்கு மேலுள்ள கைத் தசையைப் பாருங்கள். அங்கும் துலங்கல் சரிந்திருந்தால் மருந்தையும் இரத்த அழுத்தத்தையும் முதலில் ஐயப்படலாம். கால் துலங்கல் கையைவிட எளிதில் அடங்குவதால், கை தப்பியிருப்பது மட்டும் தண்டுவடப் பாதிப்பை உறுதிசெய்யாது.

மாணவி:
நன்றி. கட்டை விரல் தசையிலும் வீச்சு வெகுவாகக் குறைந்திருந்தது. ஆவி மருந்தை நிறுத்திய பின் முதலில் கையும் பிறகு காலும் மீண்டன.