சொதியில் போட்ட ஹலூமி செருப்பு வார் ஆகிவிட்டது. மிச்சத்தை என்ன செய்ய?

பாளை மதினி:
ஷார்ஜாவில் இருந்து லீவில் வந்த கொழுந்தன் இரண்டு பாக்கெட் ஹலூமி சீஸ் கொண்டுவந்தார். பார்க்கப் பன்னீர் மாதிரியே இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை சொதியில் உருளைக்கிழங்கோடு போட்டுவிட்டேன். தேங்காய்ப்பால் முழுக்க உப்பு. அத்தை ஒரு துண்டை வெகுநேரம் மென்றுவிட்டு, "என்னட்டி இது, செருப்பு வார் மாதிரி இருக்கு" என்றார். பிரித்த பாக்கெட்டில் பாதி பிரிட்ஜில் தட்டில் கிடக்கிறது. இன்னொன்று பிரிக்கவில்லை. இதை எப்படித்தான் சாப்பிடுவது?

கல்லிடை அண்ணாச்சி:
தங்கச்சி, நான் துபாய் ஓட்டல் அடுப்படியில் 11 வருஷம் நின்றவன். சொதியில் போட்டதைக் கேட்டதும் எனக்கே வயிற்றைக் கலக்கியது.

அது சைப்ரஸ் தீவுச் சரக்கு. ஆட்டுப்பாலை ரென்னெட் விட்டு உறைய வைத்து, கட்டியை அழுத்தி, பிரிந்த தண்ணீரிலேயே மறுபடி வேகவைப்பார்கள். அதனால்தான் சூட்டில் உருகாது. அப்புறம் உப்பும் புதினாவும் வைத்து மடித்து உப்புத் தண்ணீரில் போடுவார்கள். குழம்புக்கு ஆகாது, கல்லுக்குத்தான் ஆகும்.

முதலில் அந்தத் தட்டில் கிடப்பதைக் காப்பாற்று. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், தூத்துக்குடி உப்பு இரண்டு டீஸ்பூன் கரைத்து, மூடி போட்ட டப்பாவில் முங்கும்படி வை. இரண்டு நாளுக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றினால் ஒரு வாரம் தாங்கும். வழுவழுப்போ புளித்த வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடு. பிரிக்காத பாக்கெட், அதில் போட்டிருக்கும் தேதிவரை பிரிட்ஜில் சும்மா கிடக்கும்.

சுடுவதற்கு அரைமணி நேரம் முன்னால் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு இறங்கும். ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடு. சுண்டுவிரல் தடிமனில் நறுக்கு, மெல்லிசாக வேண்டாம். இரும்புத் தோசைக்கல்லை மிதமான தீயில் காயவிட்டு, எண்ணெய் விடாமல் பரத்து. முதலில் தண்ணீர் விட்டு நசநசவென்று நிற்கும். அப்போதுதான் எல்லோரும் கரண்டியை விட்டுக் கிளறிக் கெடுப்பார்கள். தொடாதே. தண்ணீர் வற்றினதும் அடியில் தோசை முறுகல் நிறம் வரும், அப்போது திருப்பு. பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் போதும். கல்லில் இருந்து நேரே வாய்க்குப் போக வேண்டும். ஆறினால் உன் அத்தை சொன்னதுதான்.

சைப்ரஸில் வெயில் காலத்தில் தர்பூசணியோடு தின்பார்கள். வண்ணார்பேட்டையில் இப்போது குவித்துப் போட்டிருக்கிறானே, ஒரு கீற்று வாங்கிப் பார்.

தென்காசிக்காரன்:
சைவ வீடாக இருந்தால் பாக்கெட்டில் ரென்னெட் எதில் இருந்து என்று பாருங்கள். கன்றுக்குட்டி வயிற்றில் இருந்து எடுப்பதும் உண்டு.

கல்லிடை அண்ணாச்சி:
சரியாகச் சொன்னீர். வாங்கும்போது பால் வரிசையையும் பாரும் வே. செம்மறி, வெள்ளாடு முதலில் இருந்தால் வாசனை தூக்கலாக இருக்கும். மாட்டுப்பால் முதலில் என்றால் சப்பென்று இருக்கும், விலையும் குறைவு. 2021இல் இருந்து ஐரோப்பிய யூனியன் நாடுகளில் சைப்ரஸ் சரக்குக்கு மட்டும்தான் அந்தப் பெயர்.

பாளை மதினி:
ரென்னெட் பார்த்துவிட்டேன், நுண்ணுயிர் வகை என்று போட்டிருக்கிறது. அண்ணாச்சி, நேற்று ராத்திரி சுட்டேன். கை துறுதுறுத்தது, தொடவில்லை. அத்தை அடுப்படியிலேயே நின்று நாலு துண்டு தின்றார். தர்பூசணி மட்டும் தனியாகத்தான் வேண்டும் என்றுவிட்டார். மிச்சம் மூன்று துண்டு டப்பாவில் இருக்கிறது. சின்னவன் உப்பு மாங்காய் என்று நினைத்துத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டான்.