ஹிஸ்டீரியா ஆல்பத்தின் கிட்டார் டோன்: கெயினை ஏற்ற ஏற்றக் குழம்புகிறது, என்ன செய்வது?

இரவல்_ஆம்ப்:
வணக்கம் நண்பர்களே. டெஃப் லெப்பர்ட் ராக் குழுவின் ஹிஸ்டீரியா ஆல்பத்தில் வரும் கிட்டார் டோனை வீட்டில் பிடிக்க மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள ஸ்ட்ராட் வகை எலக்ட்ரிக் கிட்டார், சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், மார்ஷல் ஜேசிஎம்800 ஆம்ப் போல ஒலிக்கும் ஒரு ப்ளகின் (கம்ப்யூட்டர் மென்பொருள்), இவ்வளவுதான் கையில் இருக்கிறது. கெயின் (ஒலியை முறுக்கும் அளவு) 8, பாஸ் 6, ட்ரெபிள் 7.

ஒரே பகுதியை நான்கு தடவை வாசித்து, இரண்டை இடப்பக்கமும் இரண்டை வலப்பக்கமும் வைத்தேன். கிட்டாரை மட்டும் கேட்டால் பிரமாதம். ட்ரம்ஸும் குரலும் சேர்ந்ததும் எல்லாம் ஒன்றோடொன்று குழைந்துவிடுகிறது. குறிப்பாக ஏ மேஜர் வாசித்தால் அது மேஜரா மைனரா என்றே காதில் விழவில்லை. அந்த ஆல்பத்தில் மட்டும் முழு கார்டின் ஒவ்வொரு ஸ்வரமும் எப்படித் தனித்தனியாகக் கேட்கிறது? யாராவது சொல்லுங்கள்.

கெட்டி_பிக்:
முதலில் கெயினை 4-க்கு இறக்கிப் பாருங்கள். நான்கு ட்ராக்கும் சேரும்போது ஒவ்வொன்றிலும் உள்ள டிஸ்டார்ஷன் (ஒலியின் கரகரப்பு) கூடிக்கொண்டே போகும். தனியாகக் கேட்கும்போது "கொஞ்சம் போதவில்லையே" என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு. 1980-ல் வந்த ஏசி/டிசியின் பேக் இன் பிளாக்கைக் கவனித்துக் கேளுங்கள், நினைவில் இருப்பதைவிட எவ்வளவு சுத்தமான ஒலி என்று புரியும். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் அங்கஸ் யங் மேடைக்காக வைத்திருந்த ஷாஃபர்-வேகா வயர்லெஸ் கருவியை ஸ்டுடியோவிலும் பயன்படுத்தினார். அது சிக்னலைச் சற்று இறுக்கி, உயர்த்தி ஆம்புக்குள் அனுப்பியது. அந்த முறுக்கில் பாதி அங்கிருந்து வருகிறது.

ஸ்பிரிங்_ரிவர்ப்:
கெயினைக் குறைக்கச் சொன்னது சரிதான். ஆனால் தம்பி, நீங்கள் தேடும் டோன் மார்ஷலில் இல்லை. ஹிஸ்டீரியாவின் கிட்டார்களில் பெரும்பகுதி ராக்மேன் என்ற சின்னப் பெட்டி வழியாகப் பதிவானது. பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் உருவாக்கி 1982-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவி. எம்ஐடியில் படித்து போலராய்டில் வேலை பார்த்த இன்ஜினியர் அவர். ஹெட்ஃபோனில் பயிற்சி செய்வதற்காக, இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் அளவில் செய்தார். ஸ்பீக்கரும் வேண்டாம், மைக்கும் வேண்டாம், நேராக மிக்ஸரில் செருகிவிடலாம்.

என்னிடம் எக்ஸ்100 என்ற ராக்மேன் மாடல் ஒன்று இருக்கிறது. பழையதாக வாங்கினேன். பேட்டரி கசிந்து உள்ளே தகடுகளில் பச்சை பூத்திருந்தது. வினிகரில் நனைத்த பஞ்சும் பல் தேய்க்கும் பிரஷுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. அது உயிர் பெற்று ஹெட்ஃபோனில் முதல் கார்ட் கேட்ட நிமிஷம் இன்னும் நினைவில் இருக்கிறது. சின்ன வயதில் கேசட்டில் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட அதே ஒலி!

அதில் பாஸ், ட்ரெபிள் குமிழ்களே கிடையாது. இரண்டு க்ளீன், ஒரு எட்ஜ், ஒரு டிஸ்டார்ஷன் என்று தள்ளு சுவிட்ச், கூடவே ஒலியை அகலமாக்கும் கோரஸ் எஃபெக்டும் எக்கோவும். சிக்னல் முதலில் சத்த ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கும் கம்ப்ரெஸ்ஸருக்குள் போகும், பிறகு டிஸ்டார்ஷன், கடைசியில் ஸ்பீக்கர் பெட்டி போலக் கீழ் அலைவரிசையையும் மேல் அலைவரிசையையும் வெட்டும் ஃபில்டர். தனியாகக் கேட்டால் மெலிந்து, மூக்கால் பேசுவது போல இருக்கும். தயாரிப்பாளர் மட் லாங்குக்கு அதுதான் தேவைப்பட்டது. அந்த ஆல்பத்தில் கோரஸ் குரல்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன, ட்ரம்ஸ் ஒலிகள் ஃபேர்லைட் கம்ப்யூட்டரில் கோத்தவை. கிட்டார் ஒதுங்கி இடம் விட்டால்தான் அவ்வளவும் உள்ளே அடங்கும்.

உங்கள் ஏ மேஜர் குழப்பத்துக்குக் காரணம் வேறு. இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பினால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் புது ஒலிகளாகப் பிறக்கும். ஏ 220 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாவதான ஈ ஏறக்குறைய 330. கழித்தால் 110, கூட்டினால் 550. முதலாவது இன்னொரு ஏ, இரண்டாவது சி ஷார்ப்பை ஒட்டி விழுகிறது. இரண்டும் ஏ மேஜர் கார்டோடு ஒத்துப்போவதால், இந்த இரண்டு ஸ்வரப் பவர் கார்ட் கெயினில் கம்பீரமாக நிற்கிறது. இப்போது ஏ-யுடன், கார்டை மேஜராக்கும் ஸ்வரமான சி ஷார்ப்பை வாசியுங்கள், அது 277. கழித்தால் 57, கூட்டினால் 497. அந்த 57 கீழ் ஏ-யின் 55-உம் இல்லை, அதற்கடுத்த பி ஃப்ளாட்டின் 58-உம் இல்லை. கீழே உறுமுவது அதுதான். மேலே 497 கார்டிலேயே இல்லாத பி பக்கம் போய் விழுகிறது. மூன்று ஸ்வரமும் அவற்றின் மேல் ஒலிகளும் மோதினால் எத்தனை பிறக்கும் என்று பாருங்கள். அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் எந்த ஈக்யூவாலும் இதைப் பிரித்தெடுக்க முடியாது.

லாங் செய்த வழி, அந்தச் சேர்க்கையே நடக்காமல் பார்த்துக்கொண்டது. பல இடங்களில் கார்டை ஒன்றாக அடிக்கவிடாமல், ஒவ்வொரு கம்பியாகத் தனித்தனி ட்ராக்கில் பதிவு செய்ய வைத்தார். ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக டிஸ்டார்ஷனைக் கடக்கிறது, மிக்ஸரில்தான் கார்டாகிறது. குழுவின் கிட்டார் கலைஞர்கள் ஸ்டீவ் கிளார்க்கும் ஃபில் காலனும் இதற்காக எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது. 1984-ல் தொடங்கிய வேலை 1987 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. (ட்ரம்ஸ் வாசிக்கும் ரிக் ஆலன் விபத்தில் கை இழந்தது உட்பட அந்தத் தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு.)

நீங்கள் செய்ய வேண்டியது: வாசிக்காத கம்பிகளுக்கு அடியில் மடித்த துணியைச் செருகுங்கள். ட்யூன் செய்யும்போது திறந்த கம்பியைப் பார்க்காதீர்கள், வாசிக்கப்போகும் ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தின் கட்டத்தை) அழுத்திக்கொண்டு அந்த ஸ்வரத்தையே ட்யூனரில் சரி பாருங்கள். ஃப்ரெட் மாறினால் மறுபடியும். அலுப்பான வேலைதான், ஆனால் தனித்தனியாகப் பதிந்த ஸ்வரங்களைச் சேர்க்கும்போது கொஞ்சம் விலகினாலும் காதைக் குத்தும். தாளம் காட்டும் க்ளிக்கோடு சேர்ந்து வாசியுங்கள், பிக் எப்போதும் கம்பியில் ஒரே இடத்தில் படட்டும். ப்ளகினில் ஆம்புக்கு முன்னால் ஒரு கம்ப்ரெஸ்ஸர் போட்டு, ஆம்புக்குப் பின்னால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே, 6,000-க்கு மேலே வெட்டிவிடுங்கள். இந்த எண்கள் என் காதுக்குச் சரிப்பட்டவை, உங்கள் கிட்டாருக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். எல்லா ஸ்வரங்களையும் ஒரே பஸ்ஸுக்கு (ட்ராக்குகள் சேரும் பொதுப் பாதைக்கு) அனுப்பி, கோரஸையும் டிலேயையும் அங்கே போடுங்கள். பஸ்ஸில் டிஸ்டார்ஷன் மட்டும் வேண்டாம், வந்தால் மறுபடியும் பழைய கதைதான்.

இரவல்_ஆம்ப்:
அண்ணா, நேற்று ராத்திரி நான்கு பார்கள் (தாளச் சுற்றுகள்) மட்டும் செய்து பார்த்தேன். மூன்று ஸ்வரம், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. மூன்று மணி நேரம் பிடித்தது. ஃப்ரெட்டை அழுத்தி ட்யூன் செய்ததில்தான் பாதி நேரம், ஜி கம்பி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏறியே நின்றது.

ஆனால் சி ஷார்ப் கேட்கிறது! குரலைச் சேர்த்த பிறகும் கேட்கிறது. ஒரு சந்தேகம்: எல்லா ஸ்வரமும் ஒரே அச்சில் வார்த்தது போல, கீபோர்டில் வாசித்தது மாதிரி ஒலிக்கிறது. கிட்டார் என்று தோன்ற என்ன செய்யலாம்?

ஸ்பிரிங்_ரிவர்ப்:
மூன்று மணி நேரத்தில் நான்கு பார்கள் நல்ல வேகம். ஜி கம்பி ஏறுவது நீங்கள் அழுத்துவது கூடுதலாக இருப்பதால். விரலைத் தளர்த்துங்கள், அதே அழுத்தத்தோடு ட்யூன் பண்ணுங்கள்.

கீபோர்ட் மாதிரி இருக்கிறது என்றால், ஸ்வரங்கள் எல்லாம் ஒரே நொடியில் தொடங்குகின்றன என்று அர்த்தம். நிஜத்தில் பிக் கீழே இறங்கும்போது தடித்த கம்பி முதலில், மெல்லிய கம்பி கடைசியில் ஒலிக்கும். அதனால் மேல் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக 8 மில்லிசெகண்ட் அளவுக்குப் பின்னால் தள்ளுங்கள். சி ஷார்ப்பை மட்டும் 3 டிபி குறையுங்கள். அப்புறம், க்ளீன் டோனில் டிஸ்டார்ஷன் துளியும் இல்லாமல் முழு கார்டை ஒரே ஒரு தடவை அடித்து, கேட்டும் கேட்காத அளவில் அடியில் வையுங்கள். கை கம்பிகள் மேல் உரசும் சத்தம் அதிலிருந்து வந்துவிடும்.

செய்துவிட்டு அந்த நான்கு பார்களை இங்கே ஏற்றுங்கள். குரல் இல்லாமல் ஒன்று, குரலோடு ஒன்று. நான் ராக்மேனில் அதே பார்களை வாசித்துப் பக்கத்தில் வைக்கிறேன்.