முன் வீல் மாட்டி நட்ட டைட் பண்ணா சுத்த மாட்டேங்குது, லூஸ் பண்ணா நல்லா சுத்துது, எங்க தப்பு பண்ணேன்?

வணக்கம், 150 சிசி பைக், முன்னாடி டிஸ்க், ஏபிஎஸ் கிடையாது, மீட்டர் கேபிள் முன் வீல்ல இருந்து போற பழைய டைப். டயர் மாத்தணும்னு முந்தாநாள் நானே வீட்ல வீல கழட்டினேன், கழட்டுறதுக்கு பத்து நிமிஷம் கூட ஆகல, மாட்ட ஆரம்பிச்சு ரெண்டு நாளாச்சு இன்னும் முடியல. ஆக்ஸில (வீல் நடுவுல போற கம்பி) உள்ள விட்டு நட்ட கையால திருகி விட்டா வீல் ஜம்முனு சுத்துது. ஸ்பேனர் போட்டு முறுக்க முறுக்க டைட்டாகி கடைசியில ரெண்டு கையால புடிச்சு திருப்பினாதான் நகருது. இதுல இன்னொன்னு, வீல் வெளிய இருக்கும்போது தம்பி சும்மா இருக்காம பிரேக் லீவர நாலஞ்சு தடவ புடிச்சுட்டான், அப்புறம் பேடுக்கு நடுவுல டிஸ்க் நுழையவே இல்ல, ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பித்தான் இடம் பண்ணேன். அதனாலதான் ஜாம் ஆகுதா?

பதில் 1:
ப்ரோ 100% பிரேக் பேடுதான். டிஸ்க் இல்லாம லீவர புடிச்சா பிஸ்டன் வெளிய வந்துரும், தானா உள்ள போகாது. மேல பிரேக் ஆயில் கப் மூடிய கழட்டிட்டு பிஸ்டன மெதுவா உள்ள தள்ளுங்க, தள்ளும்போது ஆயில் லெவல் ஏறும், வழிஞ்சு டேங்க்ல பட்டா பெயின்ட் உரிஞ்சுரும், துணி சுத்திக்கோங்க. ஸ்க்ரூ டிரைவரால பேட் முகத்துல நெம்பாதீங்க, அடுத்த தடவ கழட்டினதும் பேடுக்கு நடுவுல ஒரு மரத்துண்டு சொருகி வச்சுருங்க, யார் லீவர புடிச்சாலும் கவலையில்ல.

பதில் 2:
தம்பி, அவசரப்பட்டு பேடுன்னு முடிவு பண்ணாதீங்க. பேட் புடிச்சா நட் லூஸா இருந்தாலும் உரசத்தான் செய்யும். உங்களுக்கு நட் டைட்டானா மட்டும்தான ஜாம் ஆகுது, அப்ப கோளாறு ஆக்ஸில் லைன்ல இருக்கு. சந்தேகமா இருந்தா காலிப்பர் (பேட் உக்காந்திருக்குற பிரேக் டப்பா) போல்ட் ரெண்டையும் கழட்டி காலிப்பர கம்பியில கட்டி தொங்க விடுங்க (ஹோஸ்ல தொங்க விடக்கூடாது), அப்புறம் நட்ட டைட் பண்ணி வீல சுத்திப் பாருங்க. அப்பவும் ஜாம் ஆச்சுன்னா மீட்டர் கேபிள் வந்து சேர்ற அந்த வட்ட டப்பாவ கழட்டி உள்பக்கத்த பாருங்க.

கேட்டவர்:
அண்ணா நீங்க சொன்னதுதான் சரி, காலிப்பர் இல்லாமயும் ஜாம். டப்பாவ கழட்டினேன், உள்ள கருப்பு கிரீஸ துடைச்சுட்டு பாத்தா பல்லு ரிங்ல ரெண்டு பள்ளம் இருக்கு, அதுல ஒரு பள்ளத்துக்குப் பக்கத்துல புதுசா பளபளன்னு கீறல். வீல் பக்கம் ரெண்டு காது மாதிரி தகடு நீட்டிட்டு இருக்கு, அதுல ஒன்னு லேசா மடங்கியிருக்கு.

பதில் 2:
மாட்டிக்கிச்சு பாருங்க. வீல் பக்கம் இருக்குற அந்த ரெண்டு காதும் டப்பாக்குள்ள இருக்குற ரெண்டு பள்ளத்துல போய் உக்காரணும், வீல் சுத்தும்போது காதுதான் பல்லு ரிங்க சுத்த வைக்குது, அதுல இருந்துதான் கேபிள் சுத்துது. காது பள்ளத்துல விழாம மேட்டுல நின்னுட்டா டப்பா சில மில்லிமீட்டர் வெளிய தள்ளி நிக்கும், கண்ணுக்கு சரியா இருக்குற மாதிரிதான் தெரியும், நட்ட முறுக்கினதும் ஃபோர்க் (வீலோட ரெண்டு பக்கமும் இருக்குற கால்) அத வீலோட சேத்து அழுத்திரும், சுத்த வேண்டியதும் சுத்தக்கூடாததும் ஒன்னா இறுகிப்போகும். மாட்டும்போது டப்பாவ வீல்ல வச்சு மெல்ல அழுத்திக்கிட்டே திருப்புங்க, ஒரு இடத்துல டபக்குன்னு உள்ள இறங்கும், விரல்லயே தெரியும். அப்புறம் டப்பாவோட வெளிப்பக்கம் ஒரு மேடு இருக்கும், அது ஃபோர்க் கால்ல இருக்குற தடுப்புல போய் நிக்கணும், இல்லன்னா ஓட்டும்போது டப்பாவே சுத்தி கேபிள முறுக்கி அறுத்துரும். மடங்கின காத நிமித்தி ஓட்டலாம்னு தோணும், தகடு ஒரு தடவ மடங்குனா அடுத்து ஒடியும், அந்த வளையத்த மட்டும் புதுசா போட்டுருங்க.

பதில் 3:
நான் ஸ்பேசர (வீலுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல ஆக்ஸில்ல வர்ற குழாய்த் துண்டு) மாத்திப் போட்டு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க போக்கினவன், அதனால சொல்றேன், அதையும் பாத்துருங்க. சில வண்டியில ஸ்பேசரோட ஒரு முனை ஆயில் சீலுக்குள்ள போறதுனால வழவழன்னு தேஞ்சு ஒரு வளையம் தெரியும், அந்த முனைதான் உள்பக்கம். டயர் சைடுல இருக்குற அம்புக்குறி முன்னாடி ஓடுற பக்கம் இருக்கான்னும் பாருங்க. கிரீஸ் கையால டிஸ்க்க தொடாதீங்க, தொட்டுட்டா பிரேக் க்ளீனர் போட்டு துடைங்க.

கேட்டவர்:
புது வளையம் போட்டாச்சு, டபக் சத்தம் நிஜமாவே கேட்டுச்சு! இனி எத மொதல்ல டைட் பண்ணணும், ஃபோர்க் அடியில சின்னதா ஒரு போல்ட் வேற இருக்கே?

பதில் 2:
அதுதான் பிஞ்ச் போல்ட், ஆக்ஸில ஃபோர்க் கால்ல இறுக்கிப் புடிக்கிறது, அத கடைசியா டைட் பண்ணுங்க. மொதல்ல ஆக்ஸில் நட், மேனுவல்ல போட்டுருக்குற டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு. காலிப்பர மாட்டுங்க, லீவர் கெட்டியாகுற வரைக்கும் பம்ப் பண்ணுங்க, மொத சில தடவ லீவர் ஹேண்டில் வரைக்கும் சும்மா போகும், பயப்படாதீங்க, ஆனா அது கெட்டியாகாம வண்டிய ஒரு அடி கூட நகத்தாதீங்க. வண்டிய ஸ்டாண்ட்ல இருந்து இறக்கி முன் பிரேக்க புடிச்சுக்கிட்டு ஹேண்டில அஞ்சாறு தடவ அமுக்கி விடுங்க, ஃபோர்க் கால் ஆக்ஸில் மேல தானா சரியான இடத்துக்கு வந்துரும். அதுக்கப்புறம்தான் பிஞ்ச் போல்ட். இத முன்னாடியே டைட் பண்ணா ஃபோர்க் ரெண்டும் இழுத்துக்கிட்டு முன் சஸ்பென்ஷன் கெட்டியா இருக்கும்.

கேட்டவர்:
வீல் சுத்துது, பேட் லேசா சர்ருனு உரசுற சத்தம் மட்டும் வருது, மீட்டர் முள்ளும் ஆடுது. ரொம்ப நன்றி அண்ணா. ஒரே ஒரு டவுட், தரையில ஒரு வாஷர் மிச்சம் கெடக்கு…

பதில் 2:
லேசா உரசுறது இருக்கத்தான் செய்யும். வாஷர் ஆக்ஸில் நட்டுக்கு அடியில போறது. நட்ட கழட்டுங்க தம்பி.