முதலாம் ஆண்டுக்கு நுண்கணிதப் புத்தகம் தெரிவுசெய்த அனுபவங்கள்

கொட்டகலை, கணித ஆசிரியை

உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக அனுமதி கிடைத்த பிள்ளைகள், விரிவுரை தொடங்கும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் "டீச்சர், நுண்கணிதத்துக்கு எந்தப் புத்தகம் வாங்குவது?" என்று கேட்டு வருகிறார்கள். தோட்டத்தில் நாட்சம்பளம் வாங்கும் அம்மா அந்தப் பணத்தை எங்கிருந்து எடுத்துத் தருவார் என்பது எனக்குத் தெரியும். வாங்கப்போவது ஒரே ஒரு புத்தகம். ஆகவே வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

இணைந்த கணிதம் படித்த நம் பிள்ளைகள் வகையிடுவதில் கெட்டிக்காரர்கள். எவ்வளவு சிக்கலான சார்பைக் கொடுத்தாலும் பெறுதியை, அதாவது அது மாறும் வீதத்தை, மளமளவென்று எழுதிவிடுவார்கள். ஒரு புள்ளியில் பெறுதி இல்லாமல் போவது எப்படி என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. பல்கலைக்கழகம் கேட்கப்போவது இந்த இரண்டாவது வகைக் கேள்வியை, அதுவும் ஆங்கிலத்தில். தெரிந்த கணக்குகளையே முந்நூறு பக்கத்துக்கு மீண்டும் செய்யவைக்கும் புத்தகம் இவர்களுக்கு வேண்டியதில்லை. இதுவரை போகாத இடத்தில் நிதானமாகக் கூட்டிச்செல்லும் புத்தகம் வேண்டும்.

எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் எல்லையின் துல்லியமான வரைவிலக்கணம், அதாவது எப்சிலன்-டெல்டா, வரும் பக்கத்தைத்தான் நான் முதலில் திருப்புகிறேன். எப்சிலன் என்பது சார்பின் பெறுமானத்தில் நாம் பொறுக்கும் விலகல்; அதற்குள் நிற்க எக்ஸ் எவ்வளவு விலகலாம் என்பது டெல்டா. நேர்கோட்டுச் சார்பில் டெல்டாவைக் கண்டுபிடிப்பது எளிது. எக்ஸின் இரு மடங்கு என்றால் எப்சிலனில் பாதியை எடுத்தால் போதும். எக்ஸ் வர்க்கத்துக்கு வரும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அங்கே டெல்டாவை முதலில் 1க்கு மேற்படாமல் கட்டிவைத்து, அதன் பிறகே மற்றக் காரணியை மட்டுப்படுத்த வேண்டும். ஏன் 1, வேறு எண் எடுத்தால் என்ன ஆகும் என்று நின்று விளக்கும் புத்தகத்தை மேசையில் வைக்கிறேன். "தெளிவாக, டெல்டாவை இப்படி எடுப்போம்" என்று ஒரே வரியில் தாண்டிப்போகும் புத்தகத்தை மூடிவிடுகிறேன்.

நீங்கள் எதைப் பார்த்துத் தெரிவுசெய்தீர்கள், அந்தப் புத்தகம் உங்களுக்கு என்ன செய்தது என்று எழுதுங்கள். பெயர் மட்டும் போதாது.

பேராதனை, விஞ்ஞான பீட இரண்டாம் ஆண்டு மாணவன் (ஊர் பொகவந்தலாவை)

டீச்சர், தமிழ் மொழிமூலத்திலிருந்து போன எனக்குக் கணிதத்துக்கு முன்னால் வாக்கியங்களே மலையாக நின்றன. "ஒவ்வொரு எப்சிலனுக்கும் ஒரு டெல்டா உண்டு" என்பதும் "ஒரு டெல்டா உண்டு, அது ஒவ்வொரு எப்சிலனுக்கும் பொருந்தும்" என்பதும் ஆங்கிலத்தில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பொருளோ வெவ்வேறு. குட்டை வாக்கியங்களில் எழுதிய புத்தகம்தான் அந்த வேறுபாட்டை எனக்குப் பிடித்துக் காட்டியது.

எனக்கு முதலில் கிடைத்தது ஒரு அண்ணா தந்த ஸ்பிவாக்கின் நுண்கணிதம். 1967இல் வந்த நூல். எண்களின் அடிப்படைப் பண்புகளில் தொடங்கும். பயிற்சிகள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஆராய்ச்சி. முதலாம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் முதல் அத்தியாயத்தைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. அதை வைத்துவிட்டு, நூலகத்திலிருந்த ஸ்டூவர்ட்டின் பருத்த புத்தகத்தில் எல்லைகள், தொடர்ச்சி ஆகிய பகுதிகளை முடித்தேன். இப்போது ஸ்பிவாக்கைத் திறந்தால் கீழே வைக்க மனமில்லை. நிறுவல் எழுதும் கலையை அதைப்போல் கற்றுத்தரும் நூலை நான் பார்க்கவில்லை. ஆனால் தனியாக வீட்டிலிருந்து படிக்கும் தம்பி தங்கைகளிடம் அதை முதல் புத்தகமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று: அமெரிக்கப் பதிப்பா, மெட்ரிக் அலகுப் பதிப்பா என்று பாருங்கள். நாங்கள் ஈர்வையை 9.8 என்று பழகியவர்கள். அங்கே அடிக்கணக்கில் 32 என்று வரும். பெரிய தடை இல்லை, ஆனாலும் புதிதாகப் படிப்பவருக்கு அது வீண் சுமை.

தலவாக்கலை, பொறியியல் மாணவி

டீச்சர் சொன்னதில் ஒரு பகுதியை நான் ஏற்கவில்லை. தெரிந்த கணக்குகளை மீண்டும் செய்வது வீண் அல்ல. எங்கள் பீடத்தில் பல மாறிகளின் நுண்கணிதமும் வகையீட்டுச் சமன்பாடுகளும் விரைவாக வந்துவிடுகின்றன. தொகையிடலில் கை தயங்கினால் அங்கே மூச்சுத் திணறும். பயிற்சிகள் நிறைய உள்ள புத்தகம் எனக்கு உயிர்காத்தது. ஒற்றை எண் பயிற்சிகளுக்கு மட்டுமே பின்னால் விடை தருவது அமெரிக்கப் புத்தகங்களின் வழக்கம். தனியாகப் படிப்பவர்கள் வாங்கும் முன் அதைத் திருப்பிப் பாருங்கள்.

பதுளை, கணித விரிவுரையாளர்

அட்டையும் பதிப்பு எண்ணும் எனக்கு எதையும் சொல்வதில்லை. ஒரு நூலாசிரியர் நேர்மையாக எழுதுகிறாரா என்பது சில இடங்களில் தெரிந்துவிடும். நான் பார்க்கும் இடங்களைச் சொல்கிறேன்.

முதலில், ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு இருந்தால் வகையிடும் சங்கிலி விதியின் நிறுவல். உள்சார்பின் மாற்றத்தால் பெருக்கி வகுத்து, இரண்டு பின்னங்களாகப் பிரித்து, எல்லை எடுத்து முடித்துவிடுவது பலரின் வழக்கம். எடுத்த புள்ளிக்கு எவ்வளவு அருகே போனாலும் அந்த மாற்றம் மீண்டும் மீண்டும் பூச்சியமாகும் சார்புகள் உண்டு. எக்ஸ் வர்க்கத்தை, ஒன்றை எக்ஸால் வகுத்ததன் சைனால் பெருக்கி, பூச்சியத்தில் பூச்சியம் என்று வைத்தால் அப்படிப்பட்ட ஒன்று கிடைக்கும். பூச்சியத்தால் வகுத்த நிறுவல் நிறுவல் ஆகாது. முழு நிறுவலையும் தரத்தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. "இங்கே ஒரு குறை இருக்கிறது, பின்னிணைப்பில் சரிசெய்கிறோம்" என்று ஒரு வரி எழுதினால் அவரை நம்புவேன்.

அடுத்தது சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் பூச்சியத்தில் வரும் எல்லை. இதை லோபிதால் விதியால், அதாவது பின்னத்தின் மேலையும் கீழையும் தனித்தனியே வகையிட்டு எல்லை காணும் விதியால், நிறுவச் சொல்லும் பயிற்சி இருந்தால் கவனியுங்கள். அந்த விதியைப் பிரயோகிக்க சைனின் பெறுதி வேண்டும்; சைனின் பெறுதியைக் காண இந்த எல்லையே வேண்டும். வட்டத்தில் சுற்றுகிறோம் என்று மாணவருக்குச் சொல்லாத புத்தகம், நிறுவல் என்றால் என்ன என்பதையே மறைக்கிறது. அதே இடத்தில் கோணத்தை ஆரையன் என்ற அலகில் அளப்பது ஏன் என்றும் சொல்ல வேண்டும். கோணத்தைப் பாகையில் அளந்தால் சைனின் பெறுதி கோசைன் அல்ல. பையை 180ஆல் வகுத்த காரணி ஒன்று ஒட்டிக்கொள்ளும். உயர்தரத்தில் சிறப்புச் சித்தி பெற்ற பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் பலர் வியப்புடன் பார்க்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை தொகையீட்டில் இருக்கிறது. ஒன்றின் கீழ் எக்ஸ் வர்க்கம் என்ற சார்பைக் கழித்தல் 1இலிருந்து 1 வரை இயந்திரம்போல் தொகையிட்டால் கழித்தல் 2 வரும். அந்தச் சார்போ வரையறுக்கப்பட்ட இடமெல்லாம் நேர்ப்பெறுமானமே எடுக்கிறது. நேர்ச்சார்பின் கீழான பரப்பளவு எப்படி மறையாகும்? பூச்சியத்தில் சார்பு வரம்பின்றி உயர்கிறது, எனவே தொகையீட்டை வகையிடலின் எதிர்ச்செயலால் கணிக்கவிடும் அடிப்படைத் தேற்றம் அங்கே செல்லாது. இந்தக் கணக்கைக் கண்ணில் படும்படி வைத்து, ஏன் பிழை என்று மாணவரிடமே கேட்கும் புத்தகம், தேற்றத்தின் நிபந்தனைகளை வாசிக்கக் கற்றுத்தருகிறது. நிபந்தனையை வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டால் மீதி வழியை அந்தப் பிள்ளை தானே நடந்துவிடும்.

தலவாக்கலைத் தங்கை சொல்வது சரி, கைப்பழக்கம் வேண்டும். ஆனால் நூறு கணக்குகளும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தால் பத்தாவதுக்குப் பிறகு மூளை தூங்கிவிடும். பயிற்சிகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் வரிசையைப் பாருங்கள்.

நாவலப்பிட்டி

வாங்கப் பணமில்லாதவர்களுக்காக எழுதுகிறேன். இலவசப் பாடநூல்களை வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட நுண்கணிதம் மூன்று தொகுதிகள். 2016இலிருந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சட்டப்படி. கில்பர்ட் ஸ்ட்ராங் 1991இல் எழுதிய நூலையும் அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்ஐடியின் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம். அது வேகத்தையும் தூரத்தையும் வைத்துத் தொடங்குகிறது. பக்கத்தில் இருந்து பேசுவதுபோன்ற எழுத்து. எங்கள் தோட்டத்தில் சிக்னல் மேட்டு லயத்தில்தான் கிடைக்கும் என்பதால் நகரத்தில் வைத்தே இறக்கிக்கொண்டு, தேவையான அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்தேன். பாவித்த பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தாலும் தயங்க வேண்டாம். பதிப்பு மாறும்போது பயிற்சி எண்கள்தாம் பெரும்பாலும் மாறுகின்றன.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

விரிவுரையாளர் ஐயா சொன்ன சோதனைகளைக் குறித்துவைத்துக்கொண்டேன். நான் இன்னொன்றைச் சேர்க்கிறேன்: இடைப்பெறுமானத் தேற்றத்துக்கு (இரு புள்ளிகளுக்கிடையிலான சராசரி மாற்ற வீதத்தை நடுவில் எங்கோ ஒரு புள்ளியில் பெறுதியும் எடுக்கும் என்ற தேற்றம்) ஆசிரியர் எப்படிப்பட்ட உதாரணம் தருகிறார்?

பெரும்பாலான நூல்களில் நெடுஞ்சாலையில் ஓடும் கார் வரும். நான் அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு நம் ரயில் பாதையைச் சொல்லுவேன். மலைநாட்டுப் பாதையில் ஏற்றம் 44இல் 1க்கு மேல் போகாதபடி கட்டியிருக்கிறார்கள். பாதையின் உயரத்தைத் தண்டவாளத்தின் நீளத்தின் சார்பாக எடுத்துக்கொண்டால், அதன் படித்திறன் எங்கும் 44இல் ஒன்றைத் தாண்டாது. அப்படியானால் 100 மீட்டர் உயர வேண்டுமென்றால் குறைந்தது 4.4 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டே ஆக வேண்டும். அதைவிடக் குறைந்த நீளத்தில் ஏறியிருந்தால், எங்கோ ஓரிடத்திலாவது படித்திறன் அந்த அளவைத் தாண்டியிருக்கும். அதைத்தான் தேற்றம் சொல்கிறது. தெமோதரையில் பாதை ஏன் ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது என்று மாணவர்கள் அப்போது தாமாகவே சொல்லிவிடுவார்கள். பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையில் சுமார் 1,898 மீட்டரில் பாதை உச்சியைத் தொடுகிறது. அங்கே பெறுதி என்ன என்று கேட்டால் கடைசி வாங்கிலிருந்தும் பதில் வரும்.

எந்த வெளிநாட்டு நூலிலும் தெமோதரையைத் தேட முடியாது. ஆனால் உதாரணத்திலிருந்து தேற்றத்தின் வாசகத்துக்கு ஒவ்வொரு படியாகத் திரும்பிவரும் புத்தகம் என்றால், காரை எடுத்துவிட்டு ரயிலை வைக்க ஆசிரியருக்கு வழி இருக்கும். படமும் கதையும் ஒரு பக்கம், தேற்றம் மறு பக்கம் என்று விட்டுவிடும் நூலில் அது முடியாது.

கொட்டகலை, கணித ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. தலவாக்கலை மகளே, நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். பொறியியலுக்குப் போகும் பிள்ளைக்கும் கணிதத்தைச் சிறப்புப் பாடமாகப் படிக்கப்போகும் பிள்ளைக்கும் ஒரே புத்தகத்தைச் சொல்வதில்லை என்று முடிவுசெய்திருக்கிறேன்.

இம்முறை அனுமதி கிடைத்த பிள்ளைகளுக்கு இப்படிச் செய்யப்போகிறேன். ஓப்பன்ஸ்டாக்ஸிலிருந்தும் ஸ்ட்ராங்கிலிருந்தும் எல்லை பற்றிய பகுதியைத் தனித்தனியாக அச்செடுத்துக் கொடுப்பேன். இரண்டையும் வாசித்துவிட்டு, எக்ஸ் வர்க்கத்துக்கான டெல்டாவைப் புத்தகத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதச் சொல்வேன். எதை வாசித்த பிறகு எழுத முடிந்ததோ, அந்தப் பிள்ளைக்கு அதுதான் புத்தகம். பணம் கொடுத்து வாங்குவது அதற்குப் பிறகு.

விரிவுரையாளர் சேர், முடிவில்லாத் தொடர்களின் ஒருங்கல் பற்றிய அத்தியாயத்துக்கும் நீங்கள் பார்க்கும் இடங்கள் இருந்தால் எழுதுங்கள். முதலாம் ஆண்டில் எங்கள் பிள்ளைகள் அதிகம் அழுவது அங்கேதான்.