தரம் 3 பிள்ளைக்குக் கரும்பலகைச் சித்திரம் வேண்டுமா, வேண்டாமா?

வந்தாறுமூலையான்

ஆரம்பப் பிரிவில் சித்திரத்தைக் கரும்பலகையில் போட்டு "பார்த்து வரையுங்க" என்று சொல்வதைப் பெரிய பாவம் போல இந்த ஆசிரியர் குழுவில் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சங்கீத வகுப்பில் முதல் நாளே "மனசில வாறதப் பாடு" என்றா தொடங்குகிறார்கள்? சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாடவைத்த பிறகுதானே மற்றதெல்லாம்? 'அ' எழுதப் பழகும் பிள்ளை ஆசிரியர் எழுதியதன் மேல்தான் பென்சிலை ஓட்டுகிறது. கற்பனை செத்துப்போகும் என்று அங்கே யாரும் அழுவதில்லை. சித்திரத்துக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

நடைமுறையையும் பாருங்கள். 35 பிள்ளைகள், ஒரு ஆசிரியர், பாதிப் பேரிடம் பஸ்டல் பெட்டி இல்லை. "விரும்பினதை வரை" என்றால் கடைசி வாங்கில் இருக்கிறவர்கள் வெறும் தாளைத்தான் நீட்டுவார்கள்.

களப்புக்கரை

சரளி வரிசையில் பிள்ளை பழகுவது சுரத்தானத்தை. கரும்பலகைச் சித்திரத்தில் எதைப் பழகுகிறது சேர்? இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, வலப்பக்கம் சாய்ந்த ஒரு தென்னை. கல்லடிக் கடற்கரையில் விடியப்புறம் நின்றால் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. அதைத் தினமும் பார்க்கிற பிள்ளையும் மலைக்கு நடுவில்தான் கீறுகிறது. அந்தப் பிள்ளையிடம் ஒரு பனையை வரையச் சொல்லிப் பாருங்கள். தென்னையின் உச்சியில் ஒரு விசிறியைச் செருகிவிட்டு நிற்கும். அது கற்றது மரத்தை இல்லை, ஆசிரியரின் குறியீட்டை.

"கை பழகும்" என்கிற வாதமும் நிற்காது. கரும்பலகையில் நீங்கள் தோளிலிருந்து கையை வீசி ஒரு மீற்றர் வளைவு போடுகிறீர்கள். பிள்ளை அதைக் கொப்பியில் பத்து சென்ரிமீற்றருக்குள் விரல் நுனியால் போட வேண்டும். இரண்டும் வேறு வேறு அசைவு. அதனால்தான் கோடு நடுங்குகிறது, அழிறப்பர் வருகிறது, தாள் கிழிகிறது.

இன்னொன்று, வயது. கலைக் கல்வியாளர் விக்டர் லோவென்ஃபெல்ட் 1947இல் பிள்ளைகளின் சித்திரத்துக்கு வகுத்த படிநிலைகள் ஆசிரியர் பயிற்சியில் எல்லோரும் படித்தவைதான். ஏறக்குறைய 7 முதல் 9 வயதுவரை பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. தாளின் அடியில் ஒரு தரைக்கோடு, எல்லாம் அதன்மேல் நிற்கும். மேலே இரண்டு விரல் அகலத்துக்கு நீலப் பட்டை, அது வானம். நடுவில் வெள்ளை. "வானத்தைத் தரைவரைக்கும் தீட்டு" என்று தரம் 2இல் திருத்துகிறோம். பிள்ளை தீட்டும், ஆனால் ஏன் என்று அதற்குத் தெரியாது. வானம் மேலே இருக்கிறது, தரை கீழே இருக்கிறது, இடையில் நாம் நடமாடுகிறோம். அதன் கணக்கில் அது சரிதான்.

கிரான் பொடியன்

மட்டக்களப்பில மலையே இல்லாத மாதிரி எழுதாதீங்க டீச்சர். குடும்பிமலை எங்கட பக்கம்தான் இருக்கு 😀

களப்புக்கரை

இருக்கிறதப்பா. அதையாவது பார்த்து வரையட்டும். குடும்பிமலையின் உச்சியில் பாறை துருத்திக்கொண்டு நிற்கிறது. எந்தக் கொப்பியில் அது வந்திருக்கிறது?

வயல்பக்கம்

சம்மாந்துறையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு பேரும் 'எதை' வரைவது என்றே சண்டை பிடிக்கிறீர்கள். தரம் 1 முதல் 5 வரை கற்பிக்க வேண்டியது படத்தை அல்ல, பொருளைக் கையாளும் விதத்தை. அதற்குக் கண்டிப்பான படிமுறை உண்டு, அதைப் போட்டுக்காட்டித்தான் ஆக வேண்டும். இந்த இடத்தில் நான் வந்தாறுமூலை சேர் பக்கம்.

நிறக் கலவையை எடுங்கள். "சிவப்பும் நீலமும் ஊதா" என்று கொப்பியில் எழுதிக் கொடுக்கிறோம். போஸ்டர் கலரில் செய்து பார்த்தால் பாதி வகுப்புக்கு ஊதா வராது, சேற்று நிறம்தான் வரும். பிள்ளையின் பிழை இல்லை அது. மலிவுப் பெட்டிகளில் வரும் சிவப்பு பெரும்பாலும் செம்மஞ்சள் பக்கம் சாய்ந்தது, அதற்குள் மஞ்சள் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. நீலம் சேர்ந்ததும் மூன்று முதன்மை நிறமும் ஒன்றாகிக் கபிலமாகும் (பழுப்பு). அந்தச் சிவப்புக்குப் பதில் றோஸ் நிறத்தைக் கொடுத்தால் ஊதா பளிச்சென்று வரும். இதை முன்கூட்டியே செய்து பார்க்காமல் வகுப்புக்குள் போகக்கூடாது.

பச்சைக்கு மஞ்சளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நான்கு பங்கு மஞ்சளுக்கு ஒரு பங்கு நீலம் போதும், அதையும் துளித்துளியாக. பிள்ளைகள் மறுபக்கமாகச் செய்வார்கள். நீலத்தை நிறைய எடுத்துவிட்டு மஞ்சளைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள், போத்தல் முடிந்துவிடும், பச்சை வராது. மெல்லிய நிறத்தில் தொடங்கி இருண்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது என்ற ஒரே விதியைத் தரம் 3இல் பிடித்துவிட்டால் மிச்சமெல்லாம் தன்பாட்டில் வரும். பஸ்டலுக்கும் அதே விதிதான். மஞ்சளை முதலில் தீட்டி அதன்மேல் கபிலத்தைத் தேய்த்தால் நல்ல மண் நிறம். மாற்றிச் செய்தால் மஞ்சள் கட்டியின் முனை கறுத்துப்போகும், பிறகு எங்கே தொட்டாலும் ஊத்தை. ஒரு துண்டுப் பழந்துணியைப் பக்கத்தில் வைத்து முனையைத் துடைக்கப் பழக்குங்கள்.

தூரிகை நீர்க் கோப்பைக்குள் தலைகீழாக நிற்பதும் எல்லா வகுப்பிலும் நடப்பது. மயிர் வளையும், உலோகப் பிடிக்குள் பசை ஊறி மயிர் கழன்று படத்தில் ஒட்டும். ஆறு பேருக்கு இரண்டு வெட்டிய சோடாப் போத்தல் வையுங்கள்: ஒன்று கழுவ, மற்றது கலக்க. ஒரே நீரில் இரண்டையும் செய்தால் எல்லா நிறமும் சாம்பலாகும்.

இதையெல்லாம் "சுதந்திரமாக" யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை டீச்சர்.

எழுவான்

நான் ஆசிரியர் இல்ல, அப்பா. நீங்க ரெண்டு பக்கமும் சொல்றது விளங்குது. ஆனா போட்டிக்குப் போனா பரிசு எதுக்குக் கிடைக்குது? பஸ்டலால அழுத்தித் தீட்டி, கறுப்பால கரை போட்டு, ஒரு துளி வெள்ளை தெரியாம நிரப்பின படத்துக்கு. அதத்தான் டியூசன்ல பழக்குறாங்க. தரைக்கோடும் நீலப் பட்டையும் போட்டுக்கொண்டு போற புள்ளைக்கு யாரு பரிசு குடுக்கிறா?

வந்தாறுமூலையான்

இதைத்தான் நானும் சொல்கிறேன். உலகம் முடிந்த படத்தைத்தான் பார்க்கிறது.

வயல்பக்கம் நானா (அண்ணன்) சொன்ன நிறக் கலவை சரி, அதைக் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் போஸ்டர் கலரை யார் வாங்குவது? 1920இல் இலங்கையின் பிரதம சித்திரப் பரிசோதகராக வந்த வின்சர் காலத்திலேயே பிரதி பண்ணும் முறையை விடச் சொன்னார்கள். நூறு வருசமாகியும் கரும்பலகைச் சித்திரம் போகவில்லை என்றால் ஆசிரியரின் சோம்பல் மட்டுமா காரணம்? படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம்) ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெண்கட்டியும் கரும்பலகையும்தான் உறுதியாக இருக்கும் பொருட்கள். சித்திரம் படித்துப் பட்டம் எடுத்தவர்கள் பெரும்பாலும் தரம் 6க்கு மேல்தான் போகிறார்கள், அங்கேதான் சித்திரம் தனிப் பாடம். கீழே எல்லாப் பாடமும் ஒருவரே. தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சை வந்து அந்த நேரத்தையும் விழுங்கிவிடும்.

களப்புக்கரை

எழுவான், போட்டி நடுவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்றால் பிழை நடுவர் பக்கம். ஒரே பாணியில் இருபது படம் மேசைக்கு வந்தால் ஒரே கை பழக்கியது என்று யாருக்கும் தெரியும். அந்தக் கறுப்புக் கரையை ஒரு வருசம் பழகின பிள்ளையால் பிறகு கரையில்லாமல் ஒரு முகம் போட முடிவதில்லை. முகத்துக்கு எந்த நிறத்தை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். பெட்டியிலிருக்கும் வெளிர் றோஸ் கட்டியைத்தான் "தோல் கலர்" என்று எடுக்கிறார்கள். வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அந்த நிறம் கிடையாது. கபிலம், அதன்மேல் செம்மஞ்சள், நெற்றியிலும் மூக்கிலும் கொஞ்சம் மஞ்சள், விரலால் தேய்ப்பு: இவ்வளவும் சேர்ந்து இரண்டு நிமிட வேலை. தன் கையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கச் சொல்லலாம். நானா, இதைப் போட்டுக்காட்டுவதில் எனக்கு மறுப்பே இல்லை. எந்த முகம் என்பதைப் பிள்ளை முடிவெடுக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

பொருள் இல்லை என்கிறீர்கள் சேர். படுவான்கரையில் களிமண் இல்லையா?

வந்தாறுமூலையான்

களிமண் எல்லோரும் சொல்கிற மறுமொழி. செய்த யானை அடுத்த நாள் கால் வேறு தும்பிக்கை வேறாகக் கிடக்கும். பிள்ளை அழும். வெள்ளைச் சேட்டில் சேறு என்று வீட்டிலிருந்தும் முறைப்பாடு வரும்.

வயல்பக்கம்

உடைவதற்குக் காரணம் இருக்கிறது, அதுதான் பாடமே.

வயலிலோ குளத்தடியிலோ எடுத்த களியைக் கல், வேர் பொறுக்கி முதல் நாளே பிசைந்து ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். பதம் பார்க்கப் பென்சில் தடிப்பில் ஒரு திரி உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடித்தால் நீர் போதாது. கையில் ஒட்டினால் நீர் கூடிவிட்டது, கொஞ்ச நேரம் காற்றில் விடுங்கள். ஒரு பிள்ளைக்கு அதன் முஷ்டி அளவு களி போதும்.

கால், தும்பிக்கை கழல்வது ஒட்டும் முறையால். உலர்ந்த இரண்டு வழவழப்பான முகங்களை அழுத்திவிட்டு "ஒட்டிற்று" என்று விடுகிறோம். இரண்டு பக்கத்தையும் ஈர்க்கால் குறுக்கும் நெடுக்கும் கீற வேண்டும். களியையே நீரில் கூழாகக் கரைத்து அதில் பூச வேண்டும். பிறகு அழுத்தி, இணைப்பைச் சுற்றிவரக் களியை இழுத்து மூட வேண்டும். அதோடு காலைப் பென்சில் போல மெல்லியதாகச் செய்யவிடக் கூடாது. உடல் தடிப்பாகவும் கால் மெல்லியதாகவும் இருந்தால் கால் முதலில் காய்ந்து சுருங்கும், உடல் ஈரமாகவே இருக்கும், வெடிப்பு சரியாக இணைப்பில்தான் விழும். படுத்திருக்கிற எருமை, ஆமை, நண்டு மாதிரிக் கட்டையான உருவங்களில் தொடங்குங்கள். யானை தரம் 4க்கு.

காலமும் முக்கியம். கச்சான் (உலர்ந்த மேல்காற்று) வீசும் மாதங்களில் வெளி விறாந்தையில் வைத்தால் பின்னேரத்துக்குள் வெடித்துவிடும். முதல் நாள் பொலித்தீனால் மூடி, அடுத்த நாள் பாதி திறந்து, மூன்றாம் நாள் நிழலில் வையுங்கள். மாரியில் ஒரு கிழமையானாலும் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். பொங்கலுக்குப் பிறகு சித்திரைக்கு முன் இந்தப் பாடத்தை வைத்துக்கொள்வது உத்தமம்.

சேட்டுக்கு: அப்பாவின் பழைய சேட்டை முன்பின்னாக மாட்டிவிடுங்கள். தீர்ந்தது.

கிரான் பொடியன்

கடதாசி ஒட்டுற வேலைக்குப் பசை எப்படி நானா? கம் போத்தல் ரெண்டு நாளைக்கு வராது.

வயல்பக்கம்

கோதுமை மா ஒரு கப், தண்ணீர் ஐந்து கப். மாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்து, மெல்லிய நெருப்பில் கண்ணாடித்தன்மை வரும்வரை துழாவ வேண்டும். கொதிநீரில் நேரே மாவைப் போட்டால் கட்டி கட்டியாகத் திரளும். பழைய ஆட்கள் பூச்சி அரிக்காமல் துருசு போடுவார்கள். பிள்ளைகளின் பசையில் அதைத் தொடவே வேண்டாம், நஞ்சு. அன்றைக்குத் தேவையானதைக் காய்ச்சி மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

தரம் 1, 2இல் கத்தரிக்கோலை விடக் கையால் கிழிப்பது நல்லது. பத்திரிகைத் தாள் ஒரு திசையில் நேராகக் கிழியும், மற்றத் திசையில் கோணும். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். (டீச்சருக்குச் சந்தோசமாக இருக்கும்.)

வந்தாறுமூலையான்

சரி. களிமண்ணும் பசையும் நீங்கள் சொன்னபடியே இருக்கட்டும், செய்யலாம். ஆனால் தரம் 5 பிள்ளைக்குப் 'பார்த்து வரைதல்' வேண்டும் என்பதை நான் விடப்போவதில்லை. பத்து வயதில் தன் படம் உண்மையானது போல இல்லை என்று அதுவே சொல்லத் தொடங்குகிறது. அப்போது வழி காட்டாவிட்டால் "எனக்குச் சித்திரம் வராது" என்று பென்சிலை வைத்துவிடும்.

களப்புக்கரை

இதில் முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் பார்ப்பது பொருளை, கரும்பலகையை இல்லை. ஒரு செம்பை மேசையில் வையுங்கள். பத்தில் எட்டுப் பேர் வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் போடுவார்கள். வாய் வட்டம் என்று தெரியும், அடி மேசையில் சமமாக நிற்கிறது என்றும் தெரியும். அதனால்தான். "பிழை" என்று சொல்லாமல் செம்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள், வாய் ஒரு கோடாகிவிடும். மெல்ல இறக்க இறக்க முட்டை வடிவம் அகலும். மேசை மட்டத்தில் நிறுத்தி, "இப்ப அடிப்பக்கம் எப்படி?" என்று கேளுங்கள். அடி கண்ணிலிருந்து இன்னும் கீழே இருப்பதால் வாயைவிடக் கூடுதலாக வளைந்திருக்கும். ஒரு செம்பை 35 பேரும் ஒரே கோணத்தில் பார்க்க முடியாது, எட்டுப் பேருக்கு ஒன்றாக நான்கைந்து வையுங்கள். வரைந்து முடிந்ததும் முன் வாங்குப் படத்தையும் பின் வாங்குப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் வித்தியாசம் தெரியும்.

வந்தாறுமூலையான்

பின் வாங்கில் இருப்பவர்களுக்கு வாய் ஒடுங்கித் தெரியும், முன் வாங்குக்கு அகலமாக. அப்படியென்றால் புள்ளி போடும்போது ஒவ்வொரு பிள்ளையின் இடத்திலும் நான் போய் இருந்து பார்க்க வேண்டுமே?

களப்புக்கரை

ஆமா சேர். இருந்து பாருங்க.