வளைவு சோஃபா வாங்கலாமா? வச்சிருக்கறவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. எங்க ஹால் 10க்கு 12 அடி. பழைய சோஃபா நடுவுல குழி விழுந்து, உட்கார்ந்தா எழுந்திருக்க ஆள் வேணும். மாத்தியே ஆகணும்.

இப்ப எங்க பார்த்தாலும் வளைவு சோஃபா, மேல பூக்ளே துணி. (ஆட்டுக்குட்டி ரோமம் மாதிரி சுருள் சுருளா இருக்குமே, அதான்.) புதுசுன்னு நினைச்சேன். ஈரோ சாரினென்ங்கற கட்டடக் கலைஞர் வடிவமைச்சு 1948-ல வந்த நாற்காலிக்கே இந்தத் துணி போட்டிருக்காங்க!

பிரச்சினை எங்க வீட்டுப் பூனை. மாதிரித் துணி ஒண்ணு வாங்கி வந்து வச்சேன். ஒரே பிராண்டல், ஒரு சுருள் வெளியே வந்து நூலா நீண்டுடுச்சு. பூனை வச்சிருக்கறவங்க என்ன துணி போட்டிருக்கீங்க? வெல்வெட் தாங்கும்ங்கறாங்க, நிஜமா?

அடுத்தது இடம். தரையில செய்தித்தாளை சோஃபா வடிவத்துல வெட்டிப் போட்டுப் பார்த்தேன். சோஃபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவுல 45 செ.மீ. விட்டா பால்கனிக் கதவு முழுசாத் திறக்கல. போதாக்குறைக்கு முதுகுப் பக்கம் சுவரோட ஒட்டாம ஒரு மூலை வீணாப் போகுது. சின்ன ஹால்ல வளைவு சோஃபா போட்டவங்க அந்த இடத்தை என்ன பண்ணினீங்க?

சுவருக்குச் சாம்பல் நிறம் வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. பான்டோன்ங்கற நிற நிறுவனம் 2025-ஓட நிறமா அறிவிச்ச மோக்கா மூஸ் மாதிரி ஒரு பழுப்பு மேல எனக்கு ஆசை. ஹால் இருட்டடிக்கும்னு வீட்டுக்காரர் சொல்றார். ஒரே ஒரு சுவருக்கு அடிச்சு, 2700 கெல்வின் விளக்கு (மஞ்சள் கலந்த வெளிச்சம்) போட்டா சரியா வருமா? போட்டோ இருந்தா போடுங்க, ராத்திரி எடுத்ததா இருந்தா இன்னும் நல்லது.