மறு: ‘ஆண்டு வகுப்பு’ வேண்டாம், ‘பொரிப்பு’ போதும்

குழுவினருக்கு வணக்கம்.

ஏரி மீன்வளச் சொற்பட்டியலில் ‘year class’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘ஆண்டு வகுப்பு’ என்பதை இந்த வாரமே முடிவாக்கிவிடலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. அதற்கு முன் ‘பொரிப்பு’ என்ற சொல்லையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஆண்டில் முட்டையிலிருந்து வெளிவந்து, ஒன்றாக வயதேறும் மீன்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும். நமக்குத் தேவை அதுதான்.

நான் ஈரி ஏரியை வைத்தே பேசுகிறேன். வட அமெரிக்கப் பேரேரிகள் ஐந்தில் ஆழம் குறைந்தது அது. சராசரி ஆழம் 19 மீட்டர், மிக ஆழமான இடத்திலும் 64 மீட்டர்தான். சீக்கிரம் சூடாகும், மீன் பெருகும். அங்கே முதன்மையான மீனை அமெரிக்கக் கரையில் வால்ஐ என்பார்கள், கனடாக் கரையில் பிக்கரல் என்பார்கள். பனி உருகியதும் மேற்குப் பகுதியின் பாறைத்திட்டுகளிலும், மாமீ, சாண்டஸ்கி ஆறுகளிலும் முட்டையிடும். பெரிய பெண் மீன் லட்சக்கணக்கில் முட்டைகளைக் கல்லிடுக்கில் சிதறிவிட்டுப் போய்விடும். கூடு கட்டாது, காவலும் இருக்காது. அந்தச் சில வாரங்களில் பெருங்காற்று அடித்தால் முட்டைகள் திட்டிலிருந்து புரண்டு சேற்றில் போய்விடும். தண்ணீர் சீராகச் சூடேறினால், குஞ்சுக்கு இரை கிடைத்தால், பிழைக்கும். எத்தனை தாய்மீன் இருக்கிறது என்பதைவிட அந்த வசந்தம் எப்படி அமைந்தது என்பதே பல ஆண்டுகளில் கணக்கைத் தீர்மானிக்கிறது.

அதனால்தான் இந்த ஏரியின் மீன் கணக்கு மேடும் பள்ளமுமாக இருக்கிறது. 2003இல் பிறந்த குஞ்சுகள் அபாரமாகத் தேறின. அதற்கு முந்தைய 2002உம் பிந்தைய 2004உம் சோடை. இது மீன்பிடி அளவில் எப்படித் தெரிந்தது என்று பாருங்கள். ஒகையோ, மிச்சிகன், பென்சில்வேனியா, நியூயார்க் மாநிலங்களும் ஒன்டாரியோவும் சேர்ந்த குழு ஒன்று ஆண்டுதோறும் பிடிக்கத்தக்க அளவை நிர்ணயிக்கிறது. வால்ஐக்கு அதை எடையாகச் சொல்வதில்லை, மீன் எண்ணிக்கையாகவே சொல்வார்கள். 2004இல் 24 லட்சம் மீன்கள். 2005இல் 58 லட்சம். 2006இல் 98 லட்சத்தைத் தாண்டியது. 2003இன் குஞ்சுகள் இரண்டு வயதாகி வலைக்கும் தூண்டிலுக்கும் வந்ததுதான் காரணம். நடுவில் அதற்கு ஈடாக எதுவும் வராததால் 2010இல் 22 லட்சமாக இறங்கியது. பிறகு 2015உம் 2018உம் கைகொடுத்தன. ஒரே ஒரு வசந்தத்தில் பிறந்த மீன்கள் எத்தனையோ படகுகளின் பிழைப்பை ஆண்டுக்கணக்கில் தாங்கியிருக்கின்றன. இவ்வளவு முக்கியமான ஒன்றுக்கு வைக்கும் பெயர், படித்தவுடன் புரிய வேண்டும் என்பது என் ஆசை.

> ‘வயதுக் குழு’ என்று ஏற்கெனவே இருக்கிறதே, அதுவே போதாதா?

போதாது ஐயா. வயதுக் குழு ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2003இல் பிறந்த மீன் 2005இல் இரண்டு வயதுக் குழுவில் இருந்தது, 2006இல் மூன்று வயதுக் குழுவுக்குப் போய்விட்டது. நாம் பெயர் தேடுவது மாறாத ஒன்றுக்கு. அந்த மீன் இருபது வயது வாழ்ந்தாலும் அது 2003தான். ஆய்வாளர்கள் மீனின் தலைக்குள்ளிருக்கும் செவிக்கல்லை அறுத்து வளையங்களை எண்ணுகிறார்கள். 2015இல் பிடிபட்ட மீனில் 12 வளையம் இருந்தால் கழித்துப் பார்த்து 2003 என்று குறித்துக்கொள்வார்கள். பதிவேட்டில் இரண்டும் தனித்தனிக் கட்டங்கள். தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் அட்டவணையே குழம்பிவிடும்.

‘ஆண்டு வகுப்பு’ என்பதில் எனக்குள்ள சிக்கல் இதுதான். “2006இல் பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை 2003ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்தவை” என்று எழுதினால், மீன்வளம் படிக்காதவர் பள்ளிக்கூடத்தைத்தான் நினைப்பார். ‘மூன்றாம் ஆண்டு வகுப்பு’ என்று வந்துவிட்டால் கல்லூரிதான். நார்வேயின் யோஹான் யோர்ட் 1914இல் ஹெர்ரிங் மீன் பற்றி எழுதியபோது, 1904இல் பிறந்த மீன்களே பல ஆண்டுகளாகப் பிடிப்பில் மேலோங்கி இருந்ததைக் காட்டினார். இந்தக் கருத்து பரவியது அங்கிருந்துதான். அவர்கள் மொழியில் ‘வகுப்பு’ என்ற சொல் இயல்பாக உட்கார்ந்தது. நம் மொழியில் அதே சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

இதையே ‘பொரிப்பு’ என்று வைத்து எழுதிப் பாருங்கள். “2006இல் பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை 2003 பொரிப்பு.” “2015 பொரிப்பும் 2018 பொரிப்பும் நன்றாகத் தேறின.” “2002 பொரிப்பு தேறவில்லை.” வாய்விட்டுப் படித்தாலும் எங்கும் இடறவில்லை. ஈரி ஏரியில் தூண்டில் போடுபவர்களும் தங்கள் பேச்சில் ஆண்டைச் சொல்லி, அந்த ஆண்டுப் பொரிப்பு என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். ஆய்வாளரும் மீனவரும் பேசிக்கொள்ள ஒரே சொல் இருப்பது நல்லதில்லையா?

> பொரிப்பு என்றால் வாணலிதான் நினைவுக்கு வரும். அதுவும் மீனோடு சேர்த்து!

இது நியாயமான கவலை. ஆனால் ‘குஞ்சு பொரிப்பகம்’ என்பதை மீன்வளத் துறையும் பண்ணை வைத்திருப்பவர்களும் பல காலமாகப் புழங்குகிறார்கள். அதைப் பார்த்து யாரும் சமையலறை என்று நினைப்பதில்லை. முன்னால் ஆண்டு எண் வரும்போது பொருள் இன்னும் தெளிவாகிவிடும். ‘பொரித்த மீன்’ வேறு, ‘2003 பொரிப்பு மீன்’ வேறு. கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் ‘ஆண்டுப் பொரிப்பு’ என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

> மாட்டுக்கு ‘ஈற்று’ என்கிறோம். தலையீற்று, இரண்டாம் ஈற்று. மீனுக்கும் ‘ஆண்டீற்று’ எனலாமே?

அக்கா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈற்று தாயைச் சுற்றிய கணக்கு: இந்தப் பசுவுக்கு இது எத்தனையாவது கன்று என்பது. நமக்கு வேண்டியது ஏரி முழுவதற்குமான கணக்கு, தாய் யார் என்பது இங்கே கேள்வியே இல்லை. அப்புறம் இன்னொரு இடைஞ்சல் உண்டு. பேரேரிகளின் வெள்ளைமீன் நவம்பர் வாக்கில் முட்டையிடும், குஞ்சு அடுத்த வசந்தத்தில்தான் வெளிவரும். 2014 நவம்பரில் இட்ட முட்டையிலிருந்து 2015 ஏப்ரலில் வந்த குஞ்சை எந்த ஆண்டில் சேர்ப்பது? குஞ்சு வெளிவந்த ஆண்டில், அதாவது 2015இல் சேர்ப்பதே வழக்கம். ஈற்று என்றால் 2014 என்று எழுதத் தோன்றும். பொரிப்பு என்றால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. என்னை இந்தச் சொல்லின் பக்கம் முழுமையாக இழுத்தது இந்த ஒரு காரணம்தான்.

பொரிந்தவை எல்லாம் பிழைப்பதில்லையே, பொரிப்பு என்றால் பொரிந்த அத்தனையும்தானே என்றும் கேட்கலாம். உண்மைதான். கோடிக்கணக்கில் பொரிந்து, ஆகஸ்டில் ஆய்வு இழுவலை போடும்போது குஞ்சே அகப்படாத ஆண்டுகளும் உண்டு. அதற்காகத்தான் ‘தேறுதல்’ என்ற வினையைப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். பொரிப்பு என்பது பிறந்த ஆண்டைக் காட்டும். தேறிய பொரிப்பு, தேறாத பொரிப்பு என்பது அதன் வலுவைக் காட்டும். ‘வலுவான ஆண்டு வகுப்பு’, ‘நலிந்த ஆண்டு வகுப்பு’ என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்தப் பிரிவினை வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. ஈரி ஏரியில் நீலவால்ஐ என்ற மீன் ஒரு காலத்தில் வணிகப் பிடிப்பில் முன்னணியில் இருந்தது. 1950களின் நடுவில்கூட வலை நிறைய வந்துகொண்டிருந்தது. ஆனால் வந்தவை பழைய பொரிப்புகள். அடுத்தடுத்த பொரிப்புகள் தேறவே இல்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிடிப்பு அடியோடு சரிந்தது. 1983இல் அது அழிந்துவிட்டதாக அமெரிக்க அரசு அறிவித்தது. பிடிப்பின் மொத்த எடையை மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகத் தெரிந்திருக்கும். எந்த ஆண்டின் பொரிப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் ஆபத்து கண்ணில் படும். தமிழில் இதை விளக்கப் போகும் மாணவருக்குக் கையில் தெளிவான சொல் இருக்க வேண்டும்.

வலைக்கு வரும் வயதை எட்டிப் புதிதாகச் சேரும் மீன்களுக்கு ‘ஆட்சேர்ப்பு’ என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அது கட்டாயம் மாற வேண்டும். ‘புதுவரவு’ என்பது என் பரிந்துரை. அதைத் தனி இழையில் பேசலாம்.

பட்டியலில் சேர்க்க இப்படி முன்மொழிகிறேன்:

ஆண்டுப் பொரிப்பு (சுருக்கமாக, பொரிப்பு): ஒரு நீர்நிலையில் ஒரே நாட்காட்டி ஆண்டில் குஞ்சு பொரிந்த, ஒரே இனத்தைச் சேர்ந்த மீன்கள் அனைத்தும். எ-டு: ஈரி ஏரி வால்ஐயின் 2003 பொரிப்பு.

பண்ணையில் பொரித்து ஏரியில் விடப்படும் டிரவுட் குஞ்சுகளுக்கும் இதே வரையறை பொருந்துமா, அல்லது விட்ட ஆண்டைத் தனியாகக் குறிக்க வேண்டுமா என்பதை மட்டும் இனப்பெருக்கப் பண்ணையில் வேலை செய்த அன்பர்கள் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்